கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்!

சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம் பஸ் டிரைவர் தோழர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உள்ளவர். கையில் ஒரு வழவழப்பான வண்ணப் புத்தகம். அதில் நீச்சல் குளம், பூங்கா, பந்து விளையாடும் குழந்தைகள், சிரிக்கும் தாத்தா பாட்டி. தாம்பரத்துக்கு அப்பால் எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் விளம்பரம் அது.

“தோழர், நாளைக்குள்ள ஒம்பது லட்சம் அட்வான்ஸ் கட்டினா சதுர அடிக்கு இருநூறு ரூபா குறைக்கறாங்களாம். கையெழுத்துப் போட்டுடலாமா?” என்று கேட்டார்.

நமக்குச் சொந்த வீடு கிடையாது. வாடகை வீட்டிலேயே காலம் தள்ளுகிற முழுநேர ஊழியனிடம் வீடு வாங்க யோசனை கேட்டால் என்ன சொல்வது? ஆனாலும் நாலு கேள்வி கேட்டோம். நிலம் யார் பெயரில்? அனுமதி எண் என்ன? தண்ணீர் எங்கிருந்து? ஒன்றுக்கும் தோழரிடம் பதில் இல்லை. சம்பளப் பேச்சுவார்த்தையில் அதிகாரியின் முகத்துக்கு நேரே ஷரத்து ஷரத்தாக மடக்கிப் பேசுகிறவர் இவர். வீடு விற்கும் கம்பெனியின் ஏ.சி. அறையில் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து வந்திருக்கிறார்.

“ஏன் தோழர் கேட்கவில்லை?” என்றோம்.

“கேட்டா, வாங்க வக்கில்லாதவன்னு நினைச்சிடுவாங்களோன்னு ஒரு கூச்சம்” என்றார்.

இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது. நம் கூச்சம் விற்கிறவனுக்கு மூலதனம். அவன் வட்டி கட்டாமல் பயன்படுத்தும் மூலதனம் அது ஒன்றுதான்.

ஆயுள் கடன்

முதலில் கணக்கைப் பார்ப்போம். 900 சதுர அடி, சதுர அடி 5,000 ரூபாய், ஆக 45 லட்சம். தோழரிடம் உள்ளது பி.எப். பணம், மனைவியின் நகை, ஊரில் பங்கு நிலத்தை விற்று வரப்போவது, எல்லாம் சேர்த்து 15 லட்சம். மீதி 30 லட்சம் பாங்குக் கடன். எட்டரை சதவிகித வட்டியில் இருபது வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். 240 மாதம் கட்டி முடிக்கும்போது பாங்குக்குப் போயிருப்பது சுமார் 62½ லட்சம். அசலைக் காட்டிலும் வட்டி அதிகம்! தோழர் ஓய்வு பெற்ற பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். மகன் தலையில் விழும்.

வீடு கேட்பது பேராசையா? இல்லவே இல்லை. உழைக்கிறவன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு கூரை கேட்பது நியாயம். வீட்டு வசதி வாரியம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. சம்பளக்காரர்கள் வாரிய வீட்டுக்கு மனுப் போட்டுக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. இன்று சர்க்கார் கட்டும் வீடு போதவில்லை. பாட்டாளியும் குமாஸ்தாவும் சந்தைக்குத் தள்ளப்பட்டிருக்கிறார்கள். சர்க்கார் கட்ட வேண்டும் என்று போராடுவோம். அதுவரை சந்தைக்குப் போகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும்.

மறுநாள் தோழர் அட்வான்ஸ் கட்டவில்லை. லீவு போட்டார். அவரும் அவர் மனைவியும் நாமும் அந்த இடத்துக்கே போனோம். நம்மைச் சுற்றிக் காட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மாதம் இத்தனை வீடு விற்றால்தான் அவனுக்குச் சம்பளம். அவன் மீது நமக்குக் கோபம் இல்லை. ஆனால் நாம் கேட்ட கேள்விகளுக்கு அவன் சொன்ன பதில் ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

நிலம் யாருடையது?

“மூலப்பத்திரத்தைக் காட்டுங்கள்” என்றோம். “பாங்கே லோன் கொடுக்குது சார், எல்லாம் கிளியர்” என்றான் பையன்.

பாங்கு கடன் தருகிறது என்பது பத்திரம் சுத்தம் என்பதற்குச் சான்று ஆகாது. பாங்கு வக்கீல் பார்ப்பது பாங்கின் பாதுகாப்பை. உங்கள் பாதுகாப்பை உங்கள் வக்கீல்தான் பார்க்க வேண்டும். அந்தச் செலவைப் பார்த்து அஞ்சாதீர்கள். 45 லட்சத்தின் முன் அது கொசுறு.

பார்க்க வேண்டியவை என்ன? குறைந்தது முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். நிலம் கை மாறிய சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்கக் கூடாது. வாரிசுகளில் எவராவது கையெழுத்துப் போடாமல் விடுபட்டிருக்கிறாரா? நிலம் வேறு யாரிடமாவது அடமானத்தில் இருக்கிறதா? கம்பெனி நிலத்தை வாங்கியிருக்கிறதா, அல்லது நிலச் சொந்தக்காரரிடம் பவர் பத்திரம் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு விற்கிறதா? பவர் என்றால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா?

அடுத்தது பட்டா. பட்டா, சிட்டாவோடு புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். ஏரி, குளம், வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு என்று பழைய பதிவேட்டில் இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். காகிதத்தில் ஏரியை அழித்துவிடலாம். மழைக்குத் தன் பழைய வீடு தெரியும். 2015 டிசம்பரில் சென்னையிலும் புறநகரிலும் அது வீடு தேடி வந்ததை நாம் மறக்கவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே அதன் பெரும்பகுதியைக் கட்டடங்களும் குப்பை மேடும் விழுங்கிவிட்டன.

இதற்கு ஒரு சுலபமான பரீட்சை உண்டு. விற்கிற பையனைக் கேட்காதீர்கள். தெருமுனை டீக்கடைக்காரரைக் கேளுங்கள். “2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது?” நாம் கேட்டோம். அவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

எத்தனை சதுர அடி?

“900 சதுர அடி” என்று புத்தகம் சொல்கிறது. தோழரின் மனைவி படுக்கையறையில் நின்று கையை நீட்டிப் பார்த்தார். “இதுல கட்டிலைப் போட்டா பீரோவை எங்க வைக்கிறது?” என்றார்.

900 என்பது சூப்பர் பில்ட்-அப் ஏரியா. மாடிப்படி, லிப்ட், நடைபாதை, வாசல் ஹால் எல்லாவற்றிலும் உங்கள் தலைக்கு ஒரு பங்கு போட்டுக் கூட்டிய கணக்கு. வீட்டுக்குள் காலால் மிதிக்கக்கூடிய இடம் கார்பெட் ஏரியா. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. உள்சுவர்கள் சேரும், வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் சந்து, பால்கனி, மொட்டை மாடி சேராது. மூன்றாவது தடவை கேட்ட பிறகு பையன் கார்பெட் கணக்கைச் சொன்னான்: 630. அப்படியானால் சதுர அடி விலை 5,000 அல்ல, ஏழாயிரத்துக்கும் மேல்! இருநூறு ரூபாய் தள்ளுபடியின் யோக்கியதை இதுதான்.

இன்னொரு கணக்கு, யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கு. கட்டடம் நாளாக நாளாகத் தேயும், நிலம்தான் நிற்கும். ஐம்பது வருஷம் கழித்து இடித்துக் கட்டும்போது உங்கள் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது இந்தப் பங்குதான். சாலைக்கும் பூங்காவுக்கும் தானமாக எழுதிக் கொடுத்தது போக மீதி மனை எவ்வளவு, எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் அதற்குச் சரியாக வருகிறதா என்று கேளுங்கள். கூடுதலாக வந்தால் இல்லாத மண்ணை விற்கிறான். குறைவாக வந்தால் ஒரு பகுதியைத் தனக்கு வைத்துக்கொள்கிறான். நாளை இன்னொரு கட்டடம் எழுப்பலாம். “அது ரிஜிஸ்டர் பண்றப்போ சொல்வோம் சார்” என்றான் பையன். பத்திரப் பதிவு அன்று தெரிந்து என்ன பயன்? அதற்குள் பணம் போய்விட்டிருக்கும்.

திறந்த வெளியில் கார் நிறுத்தும் இடத்துக்குத் தனி விலை கேட்டால் மறுத்துவிடுங்கள். சட்டப்படி அது பொது இடம். பொது இடத்தை ஒருவருக்கு விற்க யாருக்கும் உரிமை இல்லை.

ஒன்பது லட்சமா, நாலரை லட்சமா?

இப்போது அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். இது மிக முக்கியம்.

எழுத்து மூலமான விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. 45 லட்சத்தில் பத்து சதவிகிதம் நாலரை லட்சம். தோழரிடம் கேட்டதோ ஒன்பது லட்சம், அதுவும் ஒரு துண்டுச் சீட்டின் பேரில்! “நாளைக்குள்” என்று அவசரப்படுத்துவது எதற்கு என்று இப்போது விளங்குகிறதா? வீடு எங்கும் ஓடிவிடாது. ஓடக்கூடியது பணம் ஒன்றுதான்.

கட்டடம் ரெரா ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விளம்பரத்திலேயே பதிவு எண் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து ஆணையத்தின் இணையதளத்தில் அனுமதி வரைபடம், முடித்துக் கொடுக்க வேண்டிய தேதி முதலியவற்றை நீங்களே பார்க்கலாம். சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதித்த வரைபடத்தில் ஐந்து மாடி, தரையில் ஆறு மாடி என்றால் அந்த ஆறாவது மாடி நாளை இடியும், அல்லது வழக்கில் நிற்கும்.

வாங்குவோரிடம் வசூலித்த பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனி பாங்குக் கணக்கில் போட வேண்டும், அந்தக் கட்டடத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்பது சட்டம். இந்த விதி ஏன் வந்தது? ஒரு கட்டடத்துக்கு வசூலித்த பணத்தில் வேறோர் ஊரில் நிலம் வாங்கிப்போட்டு, இங்கே அஸ்திவாரத்தோடு நிறுத்திவிட்ட முதலாளிகள் நாடெங்கும் இருந்ததால் வந்தது. சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அல்லது வீடுதான் வேண்டும் என்று இருந்து, தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். விளம்பரத்தில் காட்டிய நீச்சல் குளம் இல்லையென்றால் அதற்கும் நஷ்டஈடு கேட்கலாம். ஆகவே அந்த வண்ணப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். நாளை அது சாட்சி.

மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டாலோ ரெராவில் பதிவு செய்ய வேண்டியதில்லை. புறநகரின் சின்னச் சின்னக் கட்டடங்களில் பெரும்பாலானவை இதில் அடங்கும். அங்கே உங்கள் விழிப்பு ஒன்றே காவல். இரட்டிப்பாகக் கேளுங்கள்.

கட்டி முடித்த வீடு என்றால் பணி முடிப்புச் சான்றிதழைக் கேளுங்கள். பெரிய அடுக்கு வீடுகளுக்கு அது இல்லாமல் மின்சாரமும் குடிநீரும் முறையாகக் கிடைக்காது. அந்தச் சான்று வந்த பின் விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

கொத்தனாரைக் கேளுங்கள்

தோழரின் மனைவி குழாயைத் திறந்தார். காற்று வந்தது. “இன்னும் கனெக்‌ஷன் வரல மேடம், சம்ப்புல லாரித் தண்ணி ஊத்துவோம்” என்றான் பையன். லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது? பராமரிப்புக் கட்டணம் மாதம் எவ்வளவு? கழிவுநீர் எங்கே போகிறது, பாதாளச் சாக்கடையா, சொந்தச் சுத்திகரிப்பா, பின்பக்கத்து வாய்க்காலா? விற்பனை விலையில் எழுதாத செலவுகள் இவை. மாதா மாதம் வந்து கதவைத் தட்டும்.

பக்கத்துக் கட்டடத்தில் தளம் போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார்த் தொழிலாளிகள். திருவண்ணாமலைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரோடு டீக்கடையில் பேச்சுக் கொடுத்தோம்.

“தளத்துக்குத் தண்ணீர் எத்தனை நாள் கட்டுவீர்கள், அண்ணே?”

“லாரி வந்தா கட்டுவோம். வரலைன்னா மேல வேலையைப் பாருன்னுடுவாங்க” என்றார் அவர், சர்வ சாதாரணமாக.

சாதாரண சிமெண்டு கான்கிரீட்டை ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும், கலப்பு சிமெண்டாக இருந்தாலும் வெயில் கடுமையாக இருந்தாலும் பத்து நாளாவது வேண்டும் என்பது நாட்டின் தர நிர்ணயம். தாகத்தோடு இறுகிய கான்கிரீட்டுக்குப் பலம் குறைவு. பெயிண்ட் அடித்த பிறகு எந்த இன்ஜினியரும் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கொத்தனாருக்குத் தெரியும், சித்தாளுக்குத் தெரியும். அவர்களோடு பத்து நிமிஷம் பேசுங்கள். அவர்களும் உழைப்பாளிகள், நீங்களும் உழைப்பாளிகள். உங்களிடம் பொய் சொல்வதால் அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

2014 ஜூன் 28-ஆம் தேதி மவுலிவாக்கத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் சரிந்து விழுந்தது. 61 பேர் செத்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். அந்தக் கட்டடத்துக்கு சி.எம்.டி.ஏ. அனுமதி இருந்தது! அதன் ஜோடிக் கட்டடம் 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதில் வீடு பதிவு செய்தவர்களின் சேமிப்பும் தூசியாகப் பறந்தது. உள்ளே வேலை செய்கிறவனின் உயிரைக் காப்பாற்றாத கட்டடம், அதில் குடியேறுகிறவனின் உயிரையும் காப்பாற்றாது. ஆகவே மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். தூணும் கம்பியும் கணக்குப் போட்ட ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் யார் என்று கேளுங்கள். அந்தத் தொழிலாளிகளுக்குத் தலைக்கவசமும் கயிறும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஆள் உயிரில் மிச்சம் பிடிக்கிறவன் கம்பியிலும் சிமெண்டிலும் மிச்சம் பிடிக்காமல் இருப்பானா?

வீட்டை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைப்பாட்டுக் குறையோ தெரிந்தால், சொன்ன முப்பது நாளில் காசு வாங்காமல் சரி செய்து தர வேண்டும் என்பதும் சட்டம். சாவி வாங்கும் அன்றே குறைகளைப் பட்டியல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

தனியாகப் போகாதீர்

“சட்டம்தான் இவ்வளவு சொல்கிறதே, பிறகென்ன பயம்?” என்று சிலர் கேட்கலாம். சட்டம் வந்தது நல்லது, வரவேற்கிறோம். ஆனால் குறைந்தபட்சக் கூலிக்கும் சட்டம் இருக்கிறது. அது தானாகத் தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்ததா? ஆணையத்தில் உத்தரவு வாங்குவது ஒன்று, பணத்தை வசூலிப்பது வேறொன்று. கம்பெனிக்கு வக்கீல் மாதச் சம்பளத்தில் இருக்கிறார். டிரைவர் தோழர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட வேண்டும்.

இதற்கு மருந்து நாம் அறிந்த பழைய மருந்துதான். ஒன்றுசேர்வது! பெரும்பான்மை வீடுகள் பதிவான மூன்று மாதத்துக்குள் வாங்குவோர் சங்கம் அமைய வழி செய்ய வேண்டியது கம்பெனியின் கடமை என்று சட்டமே சொல்கிறது. கம்பெனி திவாலானால், வீட்டுக்குப் பணம் கட்டியவர்களும் பாங்குகளைப் போலக் கடன் கொடுத்தவர்கள்தான் என்று 2018-இல் திவால் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020-இல் அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: ஒரே கட்டடத் திட்டத்தில் 100 பேர், அல்லது பத்தில் ஒரு பங்குப் பேர் சேர்ந்தால்தான் மனுப் போடலாம். தனி மனிதன் கதவைத் தட்டினால் திறக்காது என்பதுதான் இதன் அர்த்தம். இந்த நிபந்தனை நியாயமல்ல என்பது நம் கருத்து. ஆனால் அது புகட்டும் பாடம் சரியானது.

தோழர் அதைத்தான் செய்தார். அந்தக் கட்டடத்தில் ஏற்கனவே பதிவு செய்திருந்த பதினோரு குடும்பங்களைத் தேடிப் பிடித்தார். ஒரு ஆசிரியை, இரண்டு நர்சுகள், ஒரு மளிகைக் கடைக்காரர், மற்றவர்கள் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள். ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள். ஒவ்வொருவருக்கும் கம்பெனி ஒவ்வொரு விலை சொல்லியிருந்தது அப்போதுதான் அம்பலமாயிற்று! பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டு, கேள்விகளை ஒரே கடிதமாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

பத்து நாளில் பதில் வந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்த பிறகே பத்து சதவிகிதத்துக்கு மேல் வாங்குவதாக ஒப்புக்கொண்டார்கள். திறந்தவெளிக் கார் நிறுத்தத்துக்குக் கேட்ட பணத்தைக் கைவிட்டார்கள். மனைப் பங்குக் கணக்கும், தண்ணீர் விஷயமும் இன்னும் பாக்கி. அவை வரும்வரை தோழர் பணம் கட்டுவதாக இல்லை. “நாளைக்குள்” என்ற அந்தத் தள்ளுபடி மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறதாம்!

இது பெரிய வெற்றி என்று நாம் தம்பட்டம் அடிக்கவில்லை. கடைசியில் அந்த வீட்டை அவர் வாங்காமலும் போகலாம். வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது; மகள் கல்லூரிக்குப் போகிறாள்; அந்த நெருக்கடி தீரவில்லை. ஆனால் கூச்சம் தீர்ந்தது.

அன்று திரும்பி வரும் வழியில் தோழரின் மனைவி சொன்னதை வாசகர்கள் முன் வைக்கிறோம்: “இருநூறு ரூபாய்க்கு மீன் வாங்கினா செவுளைத் தூக்கிப் பாக்கறோம். ஆயுசு பூரா கடன் கட்டி வாங்கற வீட்டுக்கு நாலு கேள்வி கேக்கக் கூடாதா?”

கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டை வாங்கப்போகிறவரைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். பதில் வராத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்!